முதல் சொகுசுக் கப்பல் பயணம்: பணம் கட்டும் முன் எனக்கு யாரும் சொல்லாதவை

கிரீஸ் நாட்டின் சான்டோரினித் தீவைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குப் பல ஆண்டுகளாக இருந்தது. கப்பலில் ஏழு இரவுகள் தங்க வேண்டும் என்ற ஆசை ஒருபோதும் இருந்ததில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணிப் பணத்தைக் கட்டியதில்தான் என் தொல்லைகள் அனைத்தும் தொடங்கின. ஏதென்ஸ் நகரின் துறைமுகமான பிரேயஸில் ஏறி, மைக்கோனோஸ், துருக்கியின் குஷாடாசி, பாட்மோஸ், ரோட்ஸ், கிரீட் தீவின் ஹெராக்ளியோன், கடைசியாகச் சான்டோரினி என்று சுற்றிவிட்டு மீண்டும் பிரேயஸிலேயே இறங்கும் பயணம் அது. தங்கும் இடமும் உணவும் போக்குவரத்தும் சேர்ந்த கட்டணம் என்பதால், தனித்தனியாக விடுதி எடுப்பதைவிட மலிவு என்று தாளில் கணக்குப் போட்டு எனக்கு நானே நிரூபித்துக்கொண்டேன். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அதில் எழுதாமல் விட்டவற்றின் கூட்டுத்தொகை, எழுதியிருந்த கட்டணத்தில் பாதியைத் தாண்டியது.

முதல் அடி நான் தனியாகச் செல்பவன் என்பதால் விழுந்தது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் கட்டணம், ஓர் அறையை இருவர் பகிர்ந்துகொள்ளும்போது ஒருவருக்கு ஆகும் தொகை. தனியாகச் செல்பவர் அந்த அறையின் இன்னொரு படுக்கைக்கும் சேர்த்துத்தான் கட்ட வேண்டியிருக்கிறது. பல கப்பல்களில் அது ஏறத்தாழ இரட்டிப்புக் கட்டணமாகவே வந்து நிற்கிறது. சில நிறுவனங்கள் ஒருவருக்கென்றே சிறிய அறைகளைக் கட்டி வைத்திருக்கின்றன என்பதும், இடம் நிரம்பாத காலங்களில் இந்தக் கூடுதல் தொகையைக் குறைத்து விற்பதுண்டு என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்று முகவரிடம் நான் கேட்டது ஒரே கேள்வி, எது மிகக் குறைவு என்பதுதான். அவர் ‘உத்தரவாத அறை’ என்ற ஒன்றைக் காட்டினார். பெயரைக் கேட்டால் நமக்கு ஏதோ உத்தரவாதம் தருவது போலத் தோன்றும். அறை ஒன்று நிச்சயம் உண்டு, ஆனால் அது எந்தத் தளத்தில் எந்த மூலையில் என்பதை நிறுவனமே கடைசியில் தீர்மானிக்கும் என்பதுதான் அதன் பொருள். “எந்த அறை கொடுத்தால் என்ன சார், தூங்க மட்டும்தானே போகப்போகிறீர்கள்?” என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

புறப்படுவதற்கு மூன்று வாரம் இருக்கும்போது விசாவை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நுழைவுகளின் எண்ணிக்கை என்ற கட்டத்தில் ‘01’ என்று அச்சாகியிருந்தது. ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குள் போய்வரக்கூடிய ஷெங்கன் பகுதிக்குள் இருக்கும் நாடு கிரீஸ். துருக்கி அதற்கு வெளியே. குஷாடாசிக்குப் போய்விட்டு மீண்டும் கிரேக்கத் தீவுகளுக்கு வருவது இரண்டாவது நுழைவாகக் கொள்ளப்படும் என்பதை, இரவு பதினொரு மணிக்கு, வரைபடத்தில் விரலை வைத்துப் பாதையைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் உணர்ந்தேன். அந்த விசாவோடு துறைமுகத்துக்குப் போயிருந்தால் கப்பலில் ஏறவிடாமல் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அப்படித் திரும்புகிறவருக்குக் கட்டணத்தில் ஒரு காசும் திரும்பாது. மறுபடி விண்ணப்பித்து, விரைவுச் சேவைக்குத் தனியாகப் பணம் கட்டி, பயணத்துக்கு நான்கு நாள் முன்னதாகப் பலமுறை நுழையும் விசாவைப் பெற்றேன். அந்த மூன்று வாரமும் சரியாக உறங்கவில்லை. ஆகவே, கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாட்டின் பெயரையும் வரிசையாக எழுதி, ஒவ்வோர் எல்லையையும் எத்தனை முறை கடக்கிறோம் என்று எண்ணிப் பார்த்த பிறகே விசாவுக்கு விண்ணப்பியுங்கள். முகவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட வேண்டாம். ஒப்பந்தப் பத்திரத்தில் அது பயணியின் பொறுப்பு என்றே எழுதியிருக்கிறது.

ஏறும் நாளில் ஒரு சிறு தவறு செய்தேன். அதன் விலை பெரிதாக இருந்தது. துறைமுகத்தில் பெட்டிகளை விமான நிலையத்தைப் போலவே வாங்கிக்கொள்கிறார்கள். அவை அறை வாசலுக்கு வந்து சேர மாலை ஆகிவிடும், சில நேரம் இரவும் ஆகும். குமட்டலுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகள் என் பெரிய பெட்டிக்குள் இருந்தன. கடவுச்சீட்டு, மருந்து, ஒரு மாற்றுடை ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும் என்பது கப்பலில் ஒருமுறை போய் வந்த எவருக்கும் தெரிந்த பாடம். போகாதவனுக்கு யார் சொல்வது?

புறப்படும் முன் அவசரகாலப் பயிற்சிக்கு அழைத்தார்கள். உயிர்காப்பு உடையை எப்படி அணிவது, எந்த இடத்தில் கூடுவது என்று காட்டினார்கள். எனக்கு முன்னால் நின்ற இருவர் அலுத்துக்கொண்டே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தனர். டைட்டானிக் 1912-இல் மூழ்கியதையடுத்து 1914-இல் முதல் கடல் பாதுகாப்பு உடன்படிக்கை உருவானது. ஆனால் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ இந்தப் பயிற்சியை நடத்தியாக வேண்டும் என்ற விதி வர இன்னொரு விபத்து தேவைப்பட்டது. 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியக் கரையோரம் பாறையில் மோதிச் சாய்ந்த கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பலில் 32 பேர் இறந்தனர். அன்று மாலைதான் ஏறிய பயணிகளுக்குப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை, ஏனெனில் அப்போதைய விதிப்படி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும். இதை நான் முன்பே படித்திருந்ததால், அந்தக் கால் மணி நேரம் மட்டும் பயணம் முழுவதிலும் நான் மிக ஒழுங்காக நடந்துகொண்ட நேரமாக அமைந்தது.

எனக்குக் கிடைத்த அறை மேல் தளமொன்றில், கப்பலின் மூக்குப் பகுதியில், சன்னல் இல்லாமல் இருந்தது. கப்பல் அசையும்போது நடுப்பகுதி சிறுவர் விளையாடும் சீசாப் பலகையின் நடுவைப் போலக் குறைவாக ஆடும். இரு முனைகளும், உயரமான தளங்களும் அதிகமாக ஆடும். பக்கவாட்டு உருளலைக் குறைக்க நீருக்கடியில் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் இருக்கின்றன. ஆனால் மூக்கு மேலும் கீழுமாக எழுந்து விழுவதை அவை தடுப்பதில்லை. போதாக்குறைக்கு நான் போனது ஆகஸ்டு மாதம். கிரீஸுக்கும் துருக்கிக்கும் இடையிலுள்ள ஏஜியன் கடலில் கோடைக்காலத்தில் வடக்கிலிருந்து வலுவாக வீசும் மெல்டெமி என்ற காற்று, ஜூலையிலும் ஆகஸ்டிலும்தான் உச்சத்தில் இருக்கும். வானம் துடைத்து வைத்தது போல நீலமாக இருக்கும். கடல் மட்டும் கொந்தளிக்கும். விளம்பரப் படத்தில் காற்று தெரிவதில்லை.

முதல் இரவு பத்து மணிக்குமேல் அறையின் அலமாரியில் தொங்கிய வெற்று மாட்டிகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கத் தொடங்கின. படுத்திருந்தால் தலைப்பக்கம் எழுந்து, ஒரு கணம் நின்று, பிறகு கீழே போகும். அந்த நிற்கும் கணத்தில்தான் வயிறு புரண்டது. உள்காது ஆட்டத்தை உணர்கிறது, கண்ணோ அசையாத நான்கு சுவர்களைப் பார்க்கிறது; இந்த முரண்பாடுதான் குமட்டலுக்குக் காரணம். சன்னல் இருந்திருந்தால் அடிவானத்தையாவது பார்த்திருக்கலாம். பெட்டி வந்து சேர்ந்து மாத்திரையை விழுங்கியபோது நேரம் கடந்துவிட்டிருந்தது, ஏனெனில் அந்த மருந்துகள் குமட்டல் தொடங்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டியவை. மூன்று முறை வாந்தி எடுத்த பிறகு மருத்துவப் பகுதியைத் தொலைபேசியில் அழைத்தேன். செவிலியர் முதலில் கேட்டது வயிற்றுப்போக்கும் இருக்கிறதா என்பதைத்தான். நோரோ வைரஸ் தொற்றாக இருந்தால் கப்பல் முழுவதும் பரவிவிடும் என்பதால், அது இல்லை என்று உறுதியாகும்வரை அறையை விட்டு வெளியே வர வேண்டாம் என்றார். (அந்தக் கிருமிக்குச் சாராயம் கலந்த கைத்தெளிப்பான் போதாது, சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும் என்பதையும் அவரிடமே கேட்டறிந்தேன், உணவுக்கூட வாசலில் தெளிப்பானைத் தடவிக்கொண்டு நிம்மதியாகப் போகிறவர்கள் கவனிக்க.) மருத்துவர் பார்த்தார், ஊசி போட்டார், மறுநாள் எழுந்து நடந்தேன். மைக்கோனோஸ் தீவை மட்டும் பார்க்கவில்லை. பச்சை ஆப்பிள் துண்டுகளும் உப்பு பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்த பணியாளர், காற்று வீசும் பக்கமாக நடுத்தளத்தில் போய் நின்று தூரத்தைப் பாருங்கள் என்றார். அதுவே மாத்திரையைவிட எனக்கு உதவியது.

கப்பல் மருத்துவர் இலவசம் என்று நான் ஏனோ எண்ணியிருந்தேன். ஆலோசனை, ஊசி, இரவு நேரக் கூடுதல் என்று தனித்தனி வரிகளாக என் அறைக் கணக்கில் ஏறின. சாதாரண மருத்துவக் காப்பீடு பல நேரங்களில் கடலில் செல்லுபடியாகாது. பயணக் காப்பீடு எடுத்தாலும், முதலில் நாம் கட்டிவிட்டு ரசீதைக் காட்டித்தான் பிறகு வாங்க வேண்டியிருக்கும். நான் எடுத்திருந்தது விமான நிறுவனம் பயணச்சீட்டோடு ஒட்டி விற்ற மலிவுக் காப்பீடு. அதில் கப்பல் பயணம் விலக்கப்பட்டிருந்தது. நோய் முற்றிய பயணியைக் கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் கரைக்கு எடுத்துச் செல்ல நேர்ந்தால் ஆகும் செலவு, ஒரு குடும்பத்தின் சேமிப்பையே துடைத்துவிடக்கூடியது. ஆகவே காப்பீட்டில் மருத்துவ வெளியேற்றம் அடங்கியிருக்கிறதா, கப்பல் பயணம் என்ற சொல் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறதா, துறைமுகம் தவறினால் ஏதேனும் தருவார்களா என்ற மூன்றையும் எழுத்தில் பார்த்த பிறகே வாங்குங்கள். மூன்றாவது எனக்கு ஏன் முக்கியம் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இடையில் நல்லதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நான் நேர்மையற்றவன் ஆவேன். ரோட்ஸ் துறைமுகத்தில் கப்பல் கரையிலேயே அணைகிறது. படியிறங்கிச் சற்று நடந்தால் இடைக்கால மதில் சூழ்ந்த பழைய நகரம். சுற்றுலாப் பேருந்தும் இல்லை, வழிகாட்டியும் இல்லை. இடைக்காலத்தில் தீவை ஆண்ட கிறித்தவ மாவீரர் சபையினர் வாழ்ந்த கூழாங்கல் தெருவில் காலையில் ஆள் நடமாட்டம் தொடங்கும் முன் தனியாக நடந்தேன். வெயில் ஏறியதும் கப்பலுக்குத் திரும்பிச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் உறங்கி, மாலையில் மீண்டும் போனேன். பெட்டியைக் கட்டி அவிழ்க்கும் வேலையே இல்லாமல் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு உறக்கத்திலேயே போய்ச் சேரும் வசதியை வேறெந்தப் பயணமும் தருவதில்லை. என்னோடு உணவு மேசையில் அமர்ந்த மூதாட்டி ஒருவர், முழங்கால் வலி காரணமாக எந்த ஊரிலும் இறங்கவேயில்லை. தளத்தில் சாய்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதற்காகவே வந்ததாகச் சொன்னார். ஏழு நாளும் அவர் முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. எங்கள் இருவரில் கப்பல் பயணம் என்பதைச் சரியாகப் புரிந்துகொண்டு பணம் கட்டியவர் அவர்தான்.

குஷாடாசியில் நான் கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவையே வாங்கினேன். பழைய எபேசஸ் நகரம் அங்கிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். வெளியில் வண்டி பிடித்தால் செலவு குறையும். ஆனால் நிறுவனத்தின் சுற்றுலா தாமதமானால் கப்பல் காத்திருக்கும், நாமாகப் போய்த் தாமதமானால் காத்திருக்காது. செல்சஸ் நூலகத்தின் முகப்பைப் பார்க்க நாற்பது நிமிடமும், திரும்பும் வழியில் ஒரு கம்பளக் கடையில் ஒரு மணி நேரமும் ஒதுக்கியிருந்தார்கள். சுற்றுலா விவரத்தின் கடைசி வரியில் ‘கைவினைச் செயல்விளக்கம்’ என்று இருந்தால் அது கடை என்று புரிந்துகொள்ளுங்கள். துறைமுகத்தின் பெயரும் அதேபோல ஏமாற்றும். ‘ரோம்’ என்று அச்சிட்டிருந்தால் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில், ரோமிலிருந்து எழுபது எண்பது கிலோமீட்டர் தள்ளி. ‘புளோரன்ஸ்’ என்றால் லிவோர்னோ துறைமுகம், அதுவும் ஏறத்தாழ அதே தூரம். என் பயணத்தில் அட்டவணைப்படியே கூட்டினால், 168 மணி நேரத்தில் கரையில் கிடைக்கக்கூடியது 38 மணி நேரம். வரிசையில் நிற்பதும், புறப்பாட்டுக்கு முன்பே திரும்ப வேண்டிய கெடுவும் போக முப்பதுகூட மிஞ்சாது. இந்தக் கூட்டலைச் செய்ய இரண்டு நிமிடம் போதும். நான் செய்தது கடைசி நாளன்று.

சான்டோரினிக்கு ஆறாம் நாள் காலையில் வந்து சேர்ந்தோம். அந்தத் தீவின் உட்கடல், எரிமலை வெடித்து உள்ளே இடிந்து கடல் புகுந்த பெரும் பள்ளம். சில இடங்களில் ஆழம் 400 மீட்டரை நெருங்கும். பெரிய கப்பல் அணைய அங்கே மேடை இல்லை. பயணிகளைச் சிறு படகுகளில் இறக்கிப் பழைய துறைமுகத்துக்குக் கொண்டுபோவார்கள். அங்கிருந்து கம்பிவட வண்டியிலோ, ஏறத்தாழ அறுநூறு படிகளில் நடந்தோ கழுதைமேல் ஏறியோதான் மேலே ஃபிரா நகருக்குப் போக வேண்டும். கப்பல் அணையும் துறைமுகமா, படகில் இறங்கும் துறைமுகமா என்ற வேறுபாட்டை அட்டவணையில் ஒரு சிறு குறியீட்டால் மட்டும் காட்டியிருந்தார்கள். காற்றும் அலையும் சற்று மிகுந்தாலே படகில் இறக்குவது முதலில் நின்றுபோகும். காலை ஏழரை மணிக்குக் கைப்பையை மாட்டிக்கொண்டு, முன்பே வாங்கிய தொப்பியோடு வரிசையில் நின்றேன். எட்டு மணிக்குக் கப்பல் தலைவரின் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. காற்றின் வேகம் காரணமாகப் படகுகளை இறக்க இயலாது, பயணிகளின் பாதுகாப்பே முதன்மை என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி; அவர்மேல் எனக்குக் கோபமில்லை. செம்பாறைச் சுவரின் உச்சியில் உப்பைத் தூவியது போல வெள்ளை வீடுகள் தெரிந்தன. கப்பல் மெதுவாக ஒரு சுற்று சுற்றியது. எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் அறைக்குப் போய்ச் சற்று அழுதேன் என்பதை இங்கே எழுதுவதில் வெட்கமில்லை.

துறைமுக வரியாக ஒரு சிறு தொகை கணக்கில் திருப்பி வரவு வைக்கப்பட்டது. அவ்வளவுதான். வானிலைக்காக எந்தத் துறைமுகத்தையும் விட்டுவிடவோ மாற்றவோ நிறுவனத்துக்கு உரிமை உண்டு என்று ஒப்பந்தத்தில் இருந்தது. நான்தான் படிக்காமல் ஒப்புதல் கட்டத்தில் குறியிட்டிருந்தேன். கப்பல் வழியாகச் சுற்றுலா வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது. நான் தீவிலுள்ள ஒருவரிடம் நேரடியாகப் பேசி முன்பணம் கட்டியிருந்தேன், அது போயிற்று. படகில் இறங்க வேண்டிய ஊர்களுக்காவது, கப்பல் வராவிட்டால் பணம் திரும்பும் என்று எழுத்தில் தருபவரிடம் மட்டுமே முன்பதிவு செய்யுங்கள்.

கடைசி நாள் விடியற்காலையில் கதவுக்கடியில் கணக்குச் சீட்டு கிடந்தது. மருத்துவருக்கு அடுத்தபடியாக அதில் பெரிதாக இருந்தது பணியாளர் அன்பளிப்பு. அது ஆளுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று தானாகவே ஏறிவிடுகிறது. உழைப்பவர்களுக்குப் போகும் பணத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கட்டணத்தோடு சேர்த்து முதலிலேயே சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். மது அருந்தாத நான், ஏறிய உற்சாகத்தில் குளிர்பானத் தொகுப்பு ஒன்றை வாங்கியிருந்தேன். உணவுக்கூடத்தில் தண்ணீரும் தேநீரும் சாதாரணக் காபியும் எப்படியும் இலவசம். எல்லாச் செலவும் ஒரு அட்டையைத் தட்டுவதில் முடிந்துவிடுவதால் பணம் போவதே தெரிவதில்லை. தினமும் இரவில் கணக்கைப் பார்த்திருந்தால் இரண்டாம் நாளே விழித்திருப்பேன். அந்த அட்டையோடு டெபிட் கார்டை இணைக்க வேண்டாம், ஏனெனில் உத்தரவாதமாக முடக்கி வைக்கும் தொகை கணக்கில் திரும்பச் சில நாள்கள் பிடிக்கும்.

கைப்பேசிக் கட்டணம் வீடு திரும்பிய பிறகு வந்தது. நடுக்கடலில் கைப்பேசியில் சமிக்ஞை முழுதாகத் தெரிந்தபோது நான் மகிழ்ந்தேன். அது செயற்கைக்கோள் வழியாக இயங்கும் கப்பலின் சொந்த வலையமைப்பு என்பதும், நான் வாங்கியிருந்த வெளிநாட்டு ரோமிங் திட்டம் அதற்குப் பொருந்தாது என்பதும் தெரியாது. முதல் இரவு நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், செயலிகள் தாமாகவே தம்மைப் புதுப்பித்துக்கொண்டிருந்தன. கப்பல் நகரத் தொடங்கியதுமே கைப்பேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றிவிடுங்கள். தேவையென்றால் கப்பலின் வைஃபையை மட்டும் பணம் கட்டி வாங்குங்கள்.

என் அக்கா இப்போது முதன்முறையாகக் கப்பலில் போகலாமா என்று கேட்கிறார். எந்த ஊரைப் பார்க்க ஆசை என்று நான் கேட்கவில்லை; எந்த ஊரிலும் இறங்க முடியாமல் போனாலும் அந்த நாள்கள் உங்களுக்குப் பிடிக்குமா என்று கேட்டேன். கடலைப் பார்த்துக்கொண்டு புத்தகம் படிக்கத்தான் ஆசை என்றார். அவரோடு நானும் போவதாக இருக்கிறேன். இருவர் என்பதால் ஒற்றைப் படுக்கைக் கூடுதல் இல்லை. ஏழு இரவு வேண்டாம், நான்கு போதும் என்று முடிவு செய்து, கப்பலின் தள வரைபடத்தை மேசையில் விரித்து, நடுப்பகுதியில் கீழ்த்தளமொன்றில் சன்னலுள்ள அறையைப் பென்சிலால் வட்டமிட்டிருக்கிறேன். அதற்கு மேலேயும் கீழேயும் நடனக்கூடமோ சமையலறையோ இல்லாமல் பயணிகளின் அறைகளே இருக்கின்றனவா என்பதையும் பார்த்துவிட்டேன். சான்டோரினிக்கு வேறொரு முறை, காற்று அடங்கிய மாதத்தில், பிரேயஸிலிருந்து சாதாரணப் பயணப் படகில் போய் மூன்று நாள் தங்குவேன். அந்தத் தொப்பியை இன்னும் தூக்கிப் போடவில்லை.